பதினேழு முதல் வரிகள்

அலுவலகத்தில் எனக்குக் 'கத்தரி' என்று பெயர். முகத்துக்கு நேராக 'சார்' என்பார்கள், முதுகுக்குப் பின்னால்தான் கத்தரி. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டுமே, யாருக்கு நஷ்டம்? நிதித்துறையில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு ஒரு பட்டப்பெயர்கூட இல்லாவிட்டால்தான் அவமானம்.

என் வேலை இதுதான். அரசாங்கத்தின் ஒவ்வொரு துறையும் பட்ஜெட்டுக்கு முன்னால் 'எங்களுக்கு இதெல்லாம் வேண்டும்' என்று பட்டியல் அனுப்பும். கேட்டதையெல்லாம் தூக்கிக் கொடுத்தால் கஜானாவைத் துடைத்துக் கவிழ்த்துவிடலாம். ஆகவே எதை வெட்டலாம் என்று பார்த்து, சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு மேலே அனுப்புவேன். என் பங்குக்கு வந்தது தொடக்கக் கல்வி. மாவட்டத்துக்கு ஒன்றாகப் பதினேழு பட்டியல்.

இதில் வெளியாட்களுக்குத் தெரியாத நடைமுறை ஒன்று உண்டு. எந்த விதிப் புத்தகத்திலும் கிடையாது, ஆனால் விதியைவிடக் கறாராக எல்லாரும் கடைப்பிடிப்பார்கள். பட்டியலின் முதல் வரி பலிக்கடா. நிதித்துறைக்காரன் எதையாவது வெட்டாமல் விடமாட்டான் என்று கேட்கிறவர்களுக்குத் தெரியும். அதனால் வெட்டுப்பட்டாலும் வலிக்காத ஒன்றை முதல் வரியில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். 'கல்வி அலுவலருக்குக் குளிர்சாதன வசதியுள்ள கார் ஒன்று.' 'கூட்ட அரங்குக்குச் சுழல் நாற்காலிகள் அறுபது.' நான் கோடு போடுவேன். வெட்டிவிட்டோம் என்று எங்களுக்குத் திருப்தி, தப்பித்தோம் என்று அவர்களுக்குத் திருப்தி. இரண்டாவது வரியிலிருந்துதான் நிஜமான பட்டியலே தொடங்கும். ஒரு வருஷம் ஒரு புண்ணியவான் முதல் வரியில் நீச்சல் குளம் கேட்டிருந்தார். அவர் மாவட்டத்தில் பாதிப் பள்ளிக்கூடங்களில் குடிக்கவே தண்ணீர் கிடையாது. நானும் சிரித்துக்கொண்டே வெட்டினேன். அவரும் சிரித்துக்கொண்டே இரண்டாவது வரியில் இருந்த தண்ணீர்த் தொட்டிகளை வாங்கிக்கொண்டு போனார்.

ஆரம்பத்தில் படித்துப் பார்த்துத்தான் வெட்டினேன், சத்தியமாக. பத்து வருஷம் போனதும் கை தானாகவே போக ஆரம்பித்துவிட்டது. காரா நாற்காலியா என்று தெரிந்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

இந்த வருஷம் பதினேழு பட்டியல்களும் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தன. பதினோரு மணி டீ வருவதற்குள் பதினேழு முதல் வரிகளையும் தீர்த்துக்கட்டிவிட்டேன். எங்கள் துணைச் செயலர் பட்டியல்களைப் புரட்டிப் பார்த்தார். பெரிய உடம்பும் சின்னக் குரலும் உள்ள மனிதர், ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. "கையாய்யா அது, மெஷினு!" என்று என் முதுகில் தட்டினார். போன வருஷங்களைவிட நிறைய மிச்சமாகியிருக்கிறது என்று அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அன்று சாயங்காலத்துக்குள்ளேயே மிச்சத்தில் ஒரு பகுதியைப் பிரதான சாலையின் அலங்கார விளக்குகளுக்கு ஒதுக்கிவிட்டார். அடுத்த பதவி உயர்வு எனக்குத்தான் என்று பிரிவு முழுக்கப் பேச்சு. நானும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்குப் போனேன்.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவி அரசுத் தொடக்கப்பள்ளி ஒன்றில் தலைமையாசிரியை. தலைமை என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அந்தப் பள்ளிக்கூடத்தில் இருப்பதே ஒரு ஆசிரியர்தான். தலையும் அவள், வாலும் அவள். ஒரே அறை, ஐந்து வகுப்பு, முப்பத்தெட்டுப் பிள்ளைகள். போன வருஷம் ஒரு விதி வந்தது. நாற்பது பிள்ளைகளுக்குக் குறைவாக, ஒரே ஆசிரியரோடு இருக்கும் பள்ளிக்கூடங்களை வருகிற கல்வியாண்டுக்குள் மூடி, பக்கத்துப் பெரிய பள்ளியோடு சேர்த்துவிட வேண்டுமாம். அவளுடைய பள்ளிக்குப் 'பக்கத்துப் பள்ளி' இரண்டு கிலோமீட்டர் தள்ளி, லாரிகள் கண்மண் தெரியாமல் பறக்கும் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இரண்டாவது ஆசிரியர் ஒருவர் கிடைத்தால் பள்ளிக்கூடம் பிழைக்கும். கிடைக்காவிட்டால் பூட்டு.

இதற்காக அவள் என்னிடம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போன பதினோரு வருஷமாக ஒரு சாக்பீஸ்கூடக் கேட்டதில்லை. 'வீட்டுக்குள்ளே பைல் பேச்சு வரக்கூடாது' என்பது என் சட்டம். அந்தச் சட்டத்தை என்னைவிட அவள்தான் மானரோஷத்தோடு காப்பாற்றினாள்.

அப்படிப்பட்டவள் அன்று கைப்பையைக்கூடக் கழற்றாமல் என் எதிரே வந்து நின்றாள்.

"என்னங்க, இந்தத் தடவை உங்க நிதித்துறைக்காரங்க எங்களை ஒண்ணும் பண்ண முடியாது!"

"அப்படியா டீச்சர்?" என்றேன், டீயை உறிஞ்சிக்கொண்டு.

"எங்க துறைக்குப் புது இயக்குநர் வந்திருக்காங்கல்ல? இந்தப் பலிக்கடா விளையாட்டெல்லாம் வேண்டாம், எது ரொம்ப ரொம்ப அவசியமோ அதை முதல் வரியில போடுங்கன்னு எல்லா மாவட்டத்துக்கும் சுற்றறிக்கை விட்டிருக்காங்க. எங்க மாவட்டத்துல முதல் வரி எது தெரியுமா? எங்க பள்ளிக்கூடத்துக்கு ரெண்டாவது டீச்சர்!"

டீ எந்த வழியாகப் போனதோ தெரியவில்லை. இருமி முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. டீ சூடு."

"அது ஆறிப்போய் ஆடையே கட்டிடுச்சு" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் அலுவலகத்தில் அந்தச் சுற்றறிக்கையைத் தேடினேன். எனக்கு நகல் வராமல் இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னாலேயே வந்து, என் மேஜையில் டீ டம்ளருக்கு அடியில் கிடந்தது. 'இனி முதல் வரியே மிக அவசியமான தேவை என நிதித்துறை கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்ற வாக்கியத்தின் மேல் வட்டமாக ஒரு கறை. அப்புறம் எங்கள் மாவட்டப் பட்டியலை எடுத்தேன். முதல் வரியில் அவள் பள்ளிக்கூடத்தின் பெயர். அதன் மேல் என் சிவப்புக் கோடு, அளவுகோல் வைத்தது போல அவ்வளவு நேராக!

துணைச் செயலரிடம் போய் நின்றேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"வீட்டம்மா பள்ளிக்கூடத்தையே வெட்டிட்டியா? சாப்பாடு போடுறாங்களா இன்னும்?"

"அவளுக்கு இன்னும் தெரியாது சார்."

"ஒரே ஒரு பணியிடம்தானே? தட்டச்சுப் பிழைன்னு ஒரு திருத்தச் சீட்டு போட்டுடு. மேலே திங்கட்கிழமை வரைக்கும் வாங்கிக்குவாங்க. பிள்ளைங்க எத்தனை பேருன்னு தலைமையாசிரியைகிட்ட ஒரு சான்று மட்டும் வாங்கி வச்சுக்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அதுக்கு மேல எதையும் கிளறாதே. மிச்சப் பணத்துல ஒரு பங்கு ஏற்கெனவே விளக்குக் கம்பத்துக்குப் போயாச்சு."

அவர் காலில் விழாத குறைதான். அவ்வளவு நிம்மதி.

வெள்ளிக்கிழமை சான்றுத் தாளோடு அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பதினோரு வருஷத்தில் அன்றுதான் முதல்முறை. வெட்கக்கேடுதான், வேறென்ன சொல்ல? அறைக்குள் நுழைந்ததும் முப்பத்தெட்டுப் பேரும் எழுந்து நின்றார்கள். "சார் நிதித்துறையில இருந்து வந்திருக்காங்க" என்று அறிமுகம் செய்துவைத்தாள். புருஷன் என்று மூச்சுக்கூட விடவில்லை.

கரும்பலகையைச் சாக்பீஸ் கோடுகளால் ஐந்தாகப் பிரித்திருந்தாள், வகுப்புக்கு ஒரு பட்டை. ஐந்தாம் வகுப்பு பின்னங்களைக் கூட்டிக்கொண்டிருக்க, மூன்றாம் வகுப்பு உரக்கப் படிக்க, ஒன்றாம் வகுப்பு தரையில் கவிழ்ந்து படுத்துச் சிலேட்டில் எழுத்துகளை வளைத்துக்கொண்டிருந்தது. அவள் ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு நடந்துகொண்டே இருந்தாள். வீட்டில் கால் வலி, கால் வலி என்பாளே, அது எங்கிருந்து வருகிறது என்று அன்றுதான் புரிந்தது.

"அஞ்சாம் வகுப்புக் கணக்கு முடியட்டும் சார். அதுவரைக்கும் சும்மாதானே இருக்கீங்க, ரெண்டாம் வகுப்பைக் கொஞ்சம் பார்த்துக்குங்க" என்றாள்.

ஏழே ஏழு பிள்ளைகள். கோடிக்கணக்கில் கூட்டிக் கழிக்கிறவனுக்கு ஏழு பிள்ளை ஒரு பொருட்டா என்று உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்தில் இரண்டு பேர் முடியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவனுக்கு அவசரமாக வெளியே போக வேண்டும். ஒருத்தி தொண்ணூற்றொன்பதுக்கு அப்புறம் என்ன என்றாள், நூறு என்றேன், ஏன் என்றாள். எனக்கு வேர்த்துக்கொட்டியது. கரும்பலகைப் பக்கமிருந்து ஒரு சின்னச் சிரிப்புச் சத்தம் கேட்டது. யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா?

இடைவேளையில், 'தட்டச்சுப் பிழைத் திருத்தத்துக்காக' என்று தலைப்பிட்ட அந்தத் தாளை நீட்டினேன். அவள் எதையும் முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். இந்தக் குணம் எங்கள் வீட்டில் ஒரு ஆளுக்குத்தான் உண்டு.

"தட்டச்சுப் பிழையா? யார் தட்டச்சுல?"

பொய் சொல்லிப் பார்த்தேன். இருபத்தாறு வருஷம் கூடவே இருப்பவளிடம் பொய் எத்தனை நிமிஷம் நிற்கும்? எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். செவ்வாய்க்கிழமை, டீ, டம்ளர், கறை எல்லாம்.

முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். "கத்தரி, கத்தரின்னு சும்மாவா பேர் வச்சாங்க!" அவளுக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்கிறது, பாருங்கள். அப்புறம் சிரிப்பு சட்டென்று நின்றது.

"மத்த பதினாறு?"

"என்ன மத்த பதினாறு?"

"எல்லா மாவட்டத்துலயும் முதல் வரியைத்தானே வெட்டியிருப்பீங்க? அதெல்லாம் என்ன பிழை?"

நான் காலடியில் கிடந்த சாக்பீஸ் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அங்கெல்லாம் இருக்கிற டீச்சருங்களுக்கு நிதித்துறையில புருஷன் இல்லீங்க" என்றாள். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், மெதுவாகச் சொன்னாள். தாளை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். "இதுல நான் கையெழுத்துப் போடமாட்டேன். பதினேழுக்கும் சேர்த்துக் கொண்டுவாங்க, போடுறேன்." மணி அடிக்க எழுந்து போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பதினேழு பட்டியல்களின் நகலோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். "வீட்டுக்குள்ள பைல் வரக்கூடாதுன்னு யாரோ ஒரு பெரிய மனுஷர் சட்டம் போட்டிருந்தாரே, அவர் எங்கே போனார்?" என்று கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தாள். நான் முதல் பட்டியலை அவள் பக்கம் நகர்த்தினேன்.

என் வாழ்க்கையில் முதல்முறையாகப் பதினேழு முதல் வரிகளையும் படித்தேன். ஒன்றில்கூடக் கார் இல்லை, நாற்காலி இல்லை. கழிப்பறை இல்லாததால் பத்து வயதானதும் பெண் பிள்ளைகள் நின்றுவிடும் பள்ளிக்கூடம் ஒன்று. கூரை விழுந்து, மழை பெய்தால் விடுமுறை விடும் பள்ளிக்கூடம் ஒன்று. ஆற்றைக் கடக்க மரப்பாலம் கேட்ட ஊர் ஒன்று, மழைக்காலம் முழுக்க அந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பே கிடையாது. எழுபது பிள்ளைகளுக்கு ஆசிரியரே இல்லாமல் சமையல்காரம்மா அட்டெண்டன்ஸ் எடுக்கும் பள்ளிக்கூடம்கூட இருந்தது. ஒவ்வொன்றின் மேலும் என் கோடு. எனக்கு என் கையையே பிடிக்கவில்லை.

அலங்கார விளக்குகளுக்குப் போக மிச்சம் இருந்த பணத்தில் பதினேழுக்கும் கொடுக்க முடியாது. வரிசைப்படுத்த வேண்டும். அவளே ஒரு அளவு வைத்தாள். "இது கிடைக்காட்டிப் பிள்ளை படிப்பையே விட்டுடுமா? விட்டுடும்னா அது முன்னாடி. எப்படியாவது வேற பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்துடும்னா பின்னாடி."

ஒவ்வொன்றாக எண் போட்டுக்கொண்டே வந்தாள். நான் விலையைக் கூட்டிக்கொண்டே வந்தேன். பதினொன்றாவதோடு பணம் தீர்ந்தது. அவளுடைய பள்ளிக்கூடத்துக்குப் பன்னிரண்டு என்று எழுதியிருந்தாள்.

"ஏய், என்ன விளையாடுறியா? எட்டாவதுக்கும் இதுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? மாத்திப் போடு" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"எட்டாவது ஊர்ல பக்கத்துப் பள்ளிக்கூடம் பதினாலு கிலோமீட்டர். எங்க பிள்ளைங்களுக்கு ரெண்டு. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிடலாம்."

"அந்த ரோட்டுல? தினமும்? யாரு கூட்டிட்டுப் போறது?"

பேனாவின் மூடியைப் போட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. "போய் டீ போடுங்க" என்றாள். போட்டேன்.

திங்கட்கிழமை துணைச் செயலர் என் குறிப்பைப் படித்தார். 'பதினேழு பட்டியல்களின் முதல் வரிகளையும் நான் படித்துப் பார்க்காமலே வெட்டியிருக்கிறேன்' என்று தொடங்கியது. அடியில் புதிய வரிசை.

"யோவ், புத்தி கித்தி பிசகிப்போச்சா? இதை எழுதிக் குடுத்தா உன் பதவி உயர்வு என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

"வீட்டம்மாகிட்ட அவ்வளவு பயமா?"

"ஆமா சார்."

வரிசையை மேலிருந்து கீழே விரலால் தொட்டுக்கொண்டே போனார். "இதுல அவங்க பள்ளிக்கூடம் எது?"

"பன்னிரண்டாவது."

விரல் அங்கேயே நின்றது. "பதினொண்ணுக்குத்தானே பணம் இருக்கு?"

"விளக்குல கொஞ்சம் குறைக்கலாமே சார். ஒரு நாலு கம்பம்."

"ஒப்பந்தம் போட்டாச்சுய்யா. திறப்பு விழாவுக்குத் தேதியும் குடுத்தாச்சு." அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. அந்தச் சின்னக் குரல் இன்னும் சின்னதாகிவிட்டது. "செவ்வாய்க்கிழமையே படிச்சிருந்தா பதினேழும் கிடைச்சிருக்கும், இல்ல?"

பதினொன்றுக்கும் கையெழுத்துப் போட்டார். எனக்கு ஒரு மெமோ வந்தது, பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆகவே சொல்லவில்லை.

கல்வியாண்டுக் கடைசியில் பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். கரும்பலகையின் ஐந்து பட்டைகளையும் அவளே துடைத்தாள். பூட்டுச் சாவியைக் கல்வி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அவள் முன்னால் அழ எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுதேன்.

அவளைப் பெரிய பள்ளிக்கே ஆசிரியையாக மாற்றினார்கள். புதுக் கல்வியாண்டின் முதல் நாள் காலை ஏழே முக்காலுக்கு அவள் செருப்பை மாட்டினாள். நானும் மாட்டினேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் அலுவலகம் பத்து மணிக்குத்தான்.

அன்றிலிருந்து இதுதான் வழக்கம். பழைய பள்ளிக்கூடத்து வாசலில் முப்பத்தைந்து பிள்ளைகள் இரட்டை வரிசையில் நிற்பார்கள். முன்னால் அவள், கடைசியில் நான். சின்னப் பிள்ளைகளின் கையை நான் பிடித்துக்கொள்ள வேண்டும். சாலை வந்ததும் அவள் நடுவில் போய்க் கையைக் காட்டி லாரிகளை நிறுத்துவாள். அந்த டிரைவர்கள் என்னை ஒரு நாளும் மதித்ததில்லை, அவளைப் பார்த்தால் பிரேக்கை அழுத்துகிறார்கள்.

போன வாரம் என் கையைப் பிடித்திருந்தது ஒன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பிள்ளை. முன்பல் இரண்டும் கிடையாது, ஆனால் வாய் ஓயாது. சாலையோரத்தில் காத்து நிற்கும்போது என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"தாத்தா, எங்க அக்கா படிச்ச பள்ளிக்கூடம் வீட்டுக்குப் பக்கத்துலயே இருந்துச்சே, அதை ஏன் பூட்டிட்டாங்க?"

எனக்கு ஐம்பத்திரண்டு வயதுதான். தாத்தா என்றதற்கே கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. விதி என்று சொல்லியிருக்கலாம், பணம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அரசாங்கத்தில் அதற்கெல்லாம் வார்த்தையா இல்லை?

"என்னாலதான்மா" என்றேன். "உங்க டீச்சர் ஒரு தாள்ல எழுதிக் கேட்டிருந்தாங்க. நான் அதை வாசிச்சே பார்க்காம அடிச்சுட்டேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் முகத்தில் கோபமே இல்லை, என் மேல் பாவப்படுகிற மாதிரி இருந்தது.

"உங்களுக்கு வாசிக்க வராதா தாத்தா?"

நான் மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"எனக்கும்தான் வராது" என்று என் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அழாதீங்க. டீச்சர்கிட்டச் சொன்னா அடிக்கமாட்டாங்க, முதல்ல இருந்து சொல்லித் தருவாங்க."

சாலை நடுவில் நின்ற டீச்சர் எங்களைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"கடைசியில ரெண்டு பேரும் என்ன பேச்சு? லாரி நிக்குதுல்ல, சீக்கிரம் வாங்க!"